சின்னசேலத்திலிருந்து சிறுவங்கூர் வரை

2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்களில் 65-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் தினக்கூலிகள். வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் என்று வந்தவர்களை உள்ளூர் மருத்துவமனையால் தாங்க முடியவில்லை. சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின.

சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். அது உள்ளே போனவுடன் கொல்வதில்லை. வழக்கமான மதுவை உடைக்கும் அதே கல்லீரல் நொதிதான் மெத்தனாலையும் உடைக்கிறது. உடைந்து வருவது முதலில் ஃபார்மால்டிஹைடு, பிறகு ஃபார்மிக் அமிலம். இந்த அமிலம் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. பார்வை நரம்பு முதலில் அடி வாங்குகிறது. இதற்கெல்லாம் பன்னிரண்டு மணி நேரமோ ஒரு நாளோ ஆகலாம். அதனால்தான் இரவு குடித்தவர் நன்றாகத் தூங்கி எழுந்து, மறுநாள் கண் தெரியவில்லை என்கிறார். அந்த இடைவெளிக்குள் வந்து சேர்ந்தால் நொதியைத் தடுக்க மருந்து இருக்கிறது, ரத்தத்தைச் சுத்திகரிக்க டயாலிசிஸ் இருக்கிறது.

அந்த இரண்டு நாட்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. கல்வராயன் மலையின் ஊறல்கள், மெத்தனால் வந்த வழி, கைதுகள், சிபிஐக்கு மாறிய வழக்கு எல்லாம் செய்தியாக வந்தன. இந்த அத்தியாயத்தில் நான் பேச நினைப்பது அந்த நாட்களுக்கு முந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளைப் பற்றி. தினமும் குடிக்கும் ஒருவர் அந்த ஆண்டுகளில் மருத்துவத் துறையின் கண்ணில் படாமல் இருப்பதில்லை. வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை கேட்டு வருவார். வண்டியிலிருந்து விழுந்து தையல் போட வருவார். ரத்த அழுத்தம் பார்க்க வருவார். குடிக்காக மட்டும் வரமாட்டார். வேறு எதற்கோ வந்தவரிடம் குடியைப் பற்றிக் கேட்டு, தேவையானவரைச் சிகிச்சைக்குக் கொண்டு சேர்க்க முடியுமா? முடியும் என்று சொல்ல அறிவியலில் பாதிக்கு உறுதியான ஆதாரம் இருக்கிறது. மீதிப் பாதிதான் சிக்கல்.

முதலில் கேட்பது. 1980களில் உலக சுகாதார நிறுவனம் ஆஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்சிகோ, நார்வே, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஆரம்ப சுகாதார மையங்களுக்கு வந்தவர்களை ஆராய்ந்து பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கியது. ஆடிட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். எத்தனை நாளைக்கு ஒருமுறை, எவ்வளவு, ஒரே அமர்வில் ஆறு அளவோ அதற்கு மேலோ போவது உண்டா என்பவை முதல் மூன்று. தொடங்கினால் நிறுத்த முடியாமல் போகிறதா, குடியால் செய்ய வேண்டிய வேலை நின்றுபோனதா, காலையில் எழுந்ததும் ஒரு மடக்கு தேவைப்படுகிறதா என்பவை அடுத்து. பிறகு குற்ற உணர்வு, முந்தின இரவு நடந்தது நினைவில் இல்லாமை, அடிபட்டது, வீட்டாரோ மருத்துவரோ குறைக்கச் சொன்னது. மொத்தம் 40 மதிப்பெண். எட்டுக்குக் கீழே என்றால் கவலை குறைவு. 8 முதல் 15 வரை அறிவுரை. 16 முதல் 19 வரை சிறு ஆலோசனையும் கண்காணிப்பும். 20-ஓ அதற்கு மேலோ என்றால் நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் அனுப்ப வேண்டும்.

இந்தப் படிவம் நம் ஊருக்கு வரும்போது 'அளவு' என்ற இடத்தில் தடுமாறுகிறது. ஓர் அளவு என்பது 10 கிராம் தூய ஆல்கஹால். கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சின்னசேலத்தில் யாரும் கிராமில் குடிப்பதில்லை. டாஸ்மாக் கடையில் கிடைக்கும் குவார்ட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். கணக்குப் போட்டால் சுமார் 61 கிராம் வருகிறது, அதாவது ஆறு அளவு. அதில் பாதியான கட்டிங் போட்டால் மூன்று. ஒரு ஸ்ட்ராங் பீர் நான்கை ஒட்டி வரும். "ஒரே ஒரு குவார்ட்டர்தாங்க, அதுக்கு மேல தொடமாட்டேன்" என்று பெருமையாகச் சொல்பவர், உலக அளவுகோலில் அதிகக் குடி என்று வரையறுக்கப்பட்ட எல்லையைத் தினமும் மாலையில் தொட்டுவிடுகிறார். இது அவருக்குத் தெரியாது. கேட்கிற செவிலியருக்கும் தெரியாவிட்டால் 'கொஞ்சம்' என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். பாக்கெட் சாராயத்துக்கோ இந்தக் கணக்குகூடக் கிடையாது. அதன் வீரியம் காய்ச்சியவருக்கே தெரியாது.

கேட்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லாமலில்லை. முப்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய் ஆபத்தைக் கணிக்க நாடு முழுதும் ஒரு படிவம் நிரப்பப்படுகிறது. அதில் ஒரு கேள்வி: தினமும் மது அருந்துகிறீர்களா? ஆம் என்றால் ஒரு மதிப்பெண். மொத்தம் நான்கைத் தாண்டினால் பரிசோதனைக்கு முன்னுரிமை. புகைக்காத, இடுப்பு பெருக்காத, உடலுழைப்புள்ள முப்பத்தைந்து வயதுக் கரும்பு வெட்டும் தொழிலாளி தினமும் குவார்ட்டர் குடித்தாலும் குடிக்காக அவருக்குக் கிடைப்பது ஒரு மதிப்பெண்தான். இந்தப் படிவத்தைக் குறை சொல்வதற்கில்லை. அது சர்க்கரையையும் கொதிப்பையும் தேட வந்தது. ஆனால் அந்த 'ஆம்' ஒரு மனிதர் தன் வாயால் ஒப்புக்கொண்ட செய்தி. அதைக் கேட்டபின் ஒன்றும் செய்யாமல் கூட்டலுக்கு மட்டும் பயன்படுத்துவது எனக்குப் பெரும் இழப்பாகத் தெரிகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மகளிர் நலத் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே வந்து கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த வாசலில் அமர்ந்து ஆடிட்டின் முதல் மூன்று கேள்விகளைக் கேட்க ஐந்து நிமிடம் போதும்.

கேட்ட பிறகு பேசினால் பலன் உண்டா? இதற்கு நம் நாட்டிலேயே நல்ல விடை இருக்கிறது. கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'சங்கத்' என்ற அமைப்பு நடத்திய ஆய்வு அது. ஆடிட்டில் 12 முதல் 19 வரை எடுத்த 377 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறுபாதிக்கு அதோடு, மருத்துவப் படிப்பே இல்லாத, இதற்கெனப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் அதிகபட்சம் நான்கு முறை அரை மணி, முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். மூன்று மாதத்தில் மதிப்பெண் எட்டுக்குக் கீழே இறங்கியவர்கள் பேச்சு கிடைத்த பக்கத்தில் 36 சதவீதம், மற்றதில் 26. ஓராண்டுக்குப் பின் 54-க்கு 32 என்று இடைவெளி விரிந்தது. லான்செட் இதழில் இது வெளியானபோது உலகமே கவனித்தது. மனநல மருத்துவர் எட்டாத ஊரில் இது எவ்வளவு பெரிய செய்தி என்று கல்வராயன் மலை வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ இருப்பவரிடம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்த ஆய்வு 19-இல் நிற்கிறது. 20-ஓ அதற்கு மேலோ எடுத்தவர், காலையில் கை நடுங்கி முதல் மடக்கில் நடுக்கம் நிற்பவர், பேச்சோடு மட்டும் குணமாகிவிடக்கூடியவர் அல்ல. அவருக்கு மருந்து, மேற்பார்வை, மாதக்கணக்கில் துணை எல்லாம் வேண்டும். அதற்காகத்தான் சீட்டு எழுதுகிறோம்: 'மனநலப் பிரிவு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை'. சின்னசேலத்துக்காரருக்கு அது கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூர். 2022 முதல் அங்கே மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தொலைவும் அதிகமில்லை.

போகிறார்களா? மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு ஓர் எண்ணைத் தந்தது. மதுவுக்கு அடிமைப்பட்ட 38 பேரில் ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேரில் ஒருவர்.

நாம் கேட்டுப் பேசி அனுப்பினால் இது மாறும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. 2015-இல் ஜோசப் கிளாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் குழுவினரும் இதைச் சோதித்த 13 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மருத்துவ மையத்தில் குடியைப் பற்றிச் சுருக்கமாகப் பேசி அனுப்பப்பட்டவர்கள், பேசப்படாதவர்களைவிட அதிகமாகச் சிறப்புச் சிகிச்சைக்குப் போகவில்லை. வித்தியாசம் இருந்ததாகச் சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. குறைவாகக் குடிப்பவரைக் குறைக்க வைக்கும் அதே பேச்சு, மிகுதியாகக் குடிப்பவரைச் சிகிச்சையின் வாசலுக்குக் கொண்டுபோகவில்லை. இத்துறையில் உழைப்பவர்களுக்கு இது கசப்பான முடிவுதான். ஆனால் இதைவிடப் பயனுள்ள முடிவும் வேறில்லை. சீட்டு எழுதியதோடு வேலை முடிந்தது என்ற நம்பிக்கையை அது உடைத்தது.

சீட்டுக்கும் வாசலுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அளந்தவர் மோரிஸ் சேஃபெட்ஸ் என்ற மனநல மருத்துவர். 1950களின் இறுதியில் பாஸ்டன் நகரின் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், அவசரப் பிரிவுக்கு வரும் குடிநோயாளிகளை அங்கேயே இருந்த குடிநோய் மருத்துவப் பிரிவுக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் யாரும் போகமாட்டார்கள். அவர்களுக்கு ஊக்கம் இல்லை என்பதுதான் மருத்துவர்களின் தீர்ப்பு. சேஃபெட்ஸ் அதை நம்பவில்லை. ஒரு பிரிவினரை வழக்கம்போல விட்டார். இன்னொரு பிரிவினர் வந்தவுடனே ஒரு மனநல மருத்துவரும் ஒரு சமூகப் பணியாளரும் நேரில் போய் மரியாதையாகப் பேசி, அப்போதைக்கு வேண்டிய சாப்பாடோ படுக்கையோ பணமோ ஏற்பாடு செய்து, அடுத்த சந்திப்புக்கும் தாங்களே பொறுப்பேற்றார்கள். 1962-இல் வெளியான முடிவு: வழக்கமான பிரிவில் நூற்றுக்கு ஐந்து பேர் போல மருத்துவப் பிரிவுக்கு வந்தார்கள், மற்றதில் 65 பேர். ஐந்து முறையோ அதற்கு மேலோ வந்தவர்கள் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒருவர், மறுபக்கம் 42 பேர். பிறகு அதே குழு ஒரேயொரு தொலைபேசி அழைப்பைச் சோதித்தது. அழைப்பு வந்தவர்களில் 44 சதவீதம் திரும்பி வந்தார்கள், வராதவர்களில் 8.

இதே மருத்துவமனையிலிருந்து 1967-இல் இன்னொரு ஆய்வு வந்தது. அவசரப் பிரிவில் பணியாற்றிய ஒன்பது மருத்துவர்களிடம் குடிநோயாளிகளோடு தங்களுக்கு ஏற்பட்ட அனுபவத்தைப் பற்றிப் பேசச் சொல்லிப் பதிவு செய்தார்கள். பதிவிலிருந்து சொற்கள் புரியாதபடி வடிகட்டி, குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் கேட்குமாறு செய்து, அதில் கோபம் எவ்வளவு, பதற்றம் எவ்வளவு என்று வேறு ஆட்களை மதிப்பிடச் சொன்னார்கள். குரலில் கோபம் அதிகமிருந்த மருத்துவர்கள் அனுப்பிய நோயாளிகள்தான் சிகிச்சைக்குக் குறைவாகப் போயிருந்தார்கள். ஒன்பது பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஆனாலும் "குடிச்சிட்டு வந்து ஏன்யா எங்க உயிர வாங்கற" என்ற குரலை எந்த அரசு மருத்துவமனை வரிசையிலும் கேட்டிருக்கும் நமக்கு இந்த முடிவில் வியப்பில்லை. அந்தக் குரல் சீட்டோடு சேர்ந்தே போகிறது.

நம் பக்கத்துத் தடைகள் தனி. சிறுவங்கூர் போக ஒரு நாள் கூலி போகும். பேருந்துக்குக் காசு வேண்டும். மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்தால், பைத்தியக்கார டாக்டரிடம் போனதாக ஊர் பேசும். இவற்றைவிட நுட்பமான ஒன்று நேரம். புறநோயாளிப் பிரிவு காலையில் நடக்கிறது. அடிமைப்பட்டவரின் உடல் மிக மோசமாக இருப்பதும் காலையில்தான். கடைசி மடக்கிலிருந்து ஆறேழு மணி நேரம் கழிந்து கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். அந்த நிலையில் ஒருவரை இரண்டு பேருந்து மாறி வரிசையில் நிற்கச் சொல்கிறோம். வழியில் அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து ஒரு பாக்கெட்டில் கிடைக்கிறது.

இந்த நடுக்கம் மனத்தளர்ச்சி அல்ல, தூய வேதியியல். மூளையில் நரம்புகளை அடக்கும் வேதிப்பொருள் ஒன்று, கிளப்பிவிடும் வேதிப்பொருள் ஒன்று. மது அடக்கும் பக்கத்துக்குத் துணை நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் அந்தத் துணை தொடர்ந்தால், மூளை கிளப்பும் பக்கத்தை வலுவாக்கிச் சமன் செய்துகொள்ளும். பொங்கல் விளையாட்டில் கயிறு இழுக்கும்போது ஒரு பக்கத்தார் திடீரென்று கையை விட்டால் மறுபக்கத்தார் மொத்தமாகப் பின்னால் விழுவார்கள் அல்லவா, மது திடீரென்று நிற்கும்போது அப்படித்தான். முதல் நாள் நடுக்கம். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குப் பிதற்றல், இல்லாத பூச்சிகளும் ஆட்களும் தெரிதல், காய்ச்சல். கால் முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் மூன்றாம் நாள் இரவு படுக்கையை விட்டு எழுந்து ஓடினால் வீட்டார் காத்து கருப்பு என்கிறார்கள். பெரும்பாலும் அது குடி நின்ற மூன்றாம் நாள். சரியான மருந்தில்லாவிட்டால் உயிரே போகும்.

ஆகவே 20-ஓ அதற்கு மேலோ எடுத்தவரிடம் "நாளையிலிருந்து விட்டுடுங்க" என்று சொல்வது ஆபத்தான அறிவுரை. ஊர் வழக்கத்தில் நிறுத்துவதற்கு நல்ல வாய்ப்புகள் உண்டு. கார்த்திகையில் மாலை போட்டால் விரதம் முடியும்வரை தொடமாட்டார்கள். ஆடியில் காப்புக் கட்டினால் தொடமாட்டார்கள். கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் செய்வார்கள். நிறுத்தும் விருப்பம் இத்தனை பேரிடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மாலை போடுவதற்கு முன்பே அவரைச் சுகாதார நிலையத்துக்கு வரவழைத்து, முதல் வாரத்துக்கு மருந்து கொடுத்தால், அந்த விரதம் சிகிச்சையின் தொடக்கமாகவே ஆகிவிடும். எதிர்மாறாக நடந்ததையும் பார்த்தோம். 2020-இல் ஊரடங்கில் டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டபோது தமிழ்நாட்டில் வார்னிஷையும் ஷேவிங் லோஷனையும் குடித்துச் சிலர் இறந்தார்கள். கடையை மூடினார்கள், உடல் கேட்டதைக் கவனிக்க ஆளில்லை.

அப்படியானால் சின்னசேலம் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் சீட்டு எழுதும் மருத்துவர் அதே நாளில் என்ன செய்யலாம்? முன்பு வலிப்பு வந்ததா, பிதற்றல் வந்ததா, மஞ்சள் காமாலை, ரத்த வாந்தி உண்டா என்று கேட்கலாம். உண்டு என்றால் அன்றே 108-இல் அனுப்ப வேண்டும், சீட்டோடு நடந்துபோகச் சொல்லக் கூடாது. இல்லை என்றால், வீட்டில் பொறுப்பான ஒருவர் இருக்கும் நிலையில், டயசபாம் போன்ற மருந்தை நாளுக்கு நாள் குறைத்துத் தரும் சிகிச்சையை அங்கேயே தொடங்கலாம். தயமின் என்ற வைட்டமினை நிச்சயம் தர வேண்டும். சோற்றைவிடக் குடியில் வயிற்றை நிரப்பியவர்களிடம் அது வறண்டிருக்கும். "உடம்பு அசதியா இருக்கு, குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்பவருக்குத் தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிப்பு முற்றக்கூடும். பிறகு, சீட்டைக் கையில் கொடுத்தவுடனே அவர் முன்னிலையிலேயே சிறுவங்கூருக்குப் போன் செய்து, போகிற நாளையும் அங்கே பார்க்கப்போகிறவரின் பெயரையும் சீட்டில் எழுதலாம். மூன்றாம் நாள் தன்னார்வலர் ஒரு போன் செய்யலாம். 2025-இல் அரசு மருத்துவமனைகளில் 25 இடங்களில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் தமிழக அரசு திறந்தது. 14416 என்ற டெலிமனாஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம். போய்ச் சேரும் இடங்கள் கூடிவருகின்றன. கொண்டு சேர்க்கும் கைகள்தான் இன்னும் போதவில்லை.

இடத்தையே ஊருக்குள் கொண்டுவந்த முன்மாதிரியும் தமிழ்நாட்டில் உண்டு. கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் அவர் பெயரில் தொடங்கிய மருத்துவமனை, திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் முகாம் நடத்தியது. நோயாளிகளைச் சென்னைக்கு வரச் சொல்லாமல், மருத்துவரும் ஆலோசகர்களும் கிராமத்தில் தங்கி, குழுவாகச் சிகிச்சை அளித்து, மனைவிமாருக்கும் தனியாக வகுப்பு எடுத்தார்கள். சேர்ந்து வந்தவர்கள் சேர்ந்தே ஊர் திரும்பியதால் வெளியே போய்க் குடிக்காமலிருக்க ஒருவருக்கொருவர் காவலாக இருந்தார்கள். கல்வராயன் மலையடிவாரத்துக்கு இது பொருந்தாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

மஞ்சக்குடியில் மனைவிமாரை உட்கார வைத்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். குடிப்பவருக்குப் பதிலாகச் சுகாதார நிலையத்துக்கு வருவது பெரும்பாலும் அவர்கள்தான். "அவரு வரமாட்டாருங்க டாக்டர், சோத்துல கலந்து குடுக்க மருந்து மட்டும் தாங்க" என்பார்கள். சுவர் விளம்பரங்களும் அதைத்தான் விற்கின்றன. டைசல்ஃபிராம் போன்ற மருந்தைத் தெரியாமல் கொடுத்து, அதன்மேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். அந்த அம்மாவிடம் 'கூட்டிட்டு வாங்க' என்று சொல்லித் திருப்பி அனுப்பாமல் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ராபர்ட் மேயர்ஸும் வில்லியம் மில்லரும் 1999-இல் அளந்தார்கள். வர மறுக்கும் குடிநோயாளியின் வீட்டார் 130 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். எதிர்த்து நின்று கேள்வி கேட்கப் பழக்கிய பிரிவில் 30 சதவீதக் குடிநோயாளிகள் சிகிச்சைக்கு வந்தார்கள். குடும்பத்தாரின் ஆதரவுக் குழுவுக்கு அனுப்பிய பிரிவில் 13. மூன்றாம் பிரிவில் வீட்டாருக்குச் சில திறன்களைக் கற்றுக்கொடுத்தார்கள்: போதையில் இருக்கும்போது சண்டையைத் தவிர்ப்பது, குடிக்காத பொழுதில் அன்பாகவும் கவனமாகவும் இருப்பது, அடி விழும் ஆபத்து வந்தால் தன்னையும் பிள்ளைகளையும் காத்துக்கொள்வது, சிகிச்சைப் பேச்சை எப்போது எடுப்பது. அந்தப் பிரிவில் 64 சதவீதம் பேர் வந்தார்கள்.

பேச்சை எடுக்க ஏற்ற வேளை, அவர் குடியால் நேர்ந்த ஏதோ ஒன்றுக்காகத் தானே வருந்துகிற வேளை: வேலை போன மறுநாள், மகள் முகம் கொடுக்காத காலை. அன்றைக்கே போக ஓர் இடம் தயாராக இருக்க வேண்டும். அதனால் சீட்டு அந்த அம்மாவின் பெயரிலும் எழுதப்பட வேண்டும், அவருடைய போன் எண்ணோடு. அவர் கூப்பிட்டவுடன் எடுக்கும் ஓர் எண் அதில் இருக்க வேண்டும், தேதி இல்லாத ஒரு முன்பதிவும்.